வானத்து வெள்ளைக் கோடும் விவாதக் கட்டுரையும்



கோலா கிளாவாங் தோட்டப்புறத்தில் தெளிந்த காலையில் அண்ணாந்து பாருங்கள். உயரப் பறக்கும் விமானத்தின் பின்னால் சில நேரம் வெள்ளைக் கோடு தெரியும். 'அது நஞ்சு, நம்ம மேல தெளிக்கிறாங்க' என்னும் செய்தி புலனத்தில் பல வடிவங்களில் சுற்றுகிறது. இதையே விவாதக் கட்டுரைக்குத் தலைப்பாகக் கொடுத்தால், 'ஒரு சாரார், மறு சாரார்' என்று எழுதி, 'அவரவர் கருத்து அவரவருக்கு' என்று முடித்துவிடுகிறோம். விவாதம் என்றால் சான்றை எடைபோட வேண்டும். வாங்க, போட்டுப் பார்ப்போம்.

'சாதாரண புகைன்னா உடனே மறையணுமே?' என்பது முதல் வாதம். ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் ஏறக்குறைய 1.25 கிலோ நீராவி உண்டாகிறது. சுமார் 11 கிலோமீட்டர் உயரத்தில் மைனஸ் 40 பாகைக்கும் கீழான குளிர். அங்கே நீராவி பனித்துகளாக உறைகிறது. காற்று வறண்டிருந்தால் கோடு சீக்கிரம் மறையும். ஈரமாக இருந்தால் நின்று பரவும்.

'அரசாங்கமே தெளிச்சதே!' என்பது இரண்டாவது. அது மேக விதைப்பு. 2019 புகைமூட்டத்தின்போது வானிலைத் துறையும் ஆகாயப்படையும் மழை வரவழைக்க, மேகங்களில் உப்புக் கரைசலைத் தூவின. அறிவித்தே செய்தார்கள்.

'மண்ணுல அலுமினியம் இருக்கே' என்பது மூன்றாவது. புவியோட்டில் சுமார் 8 விழுக்காடு அலுமினியம்தான். நம் தோட்டச் செம்மண்ணில் அது இயல்பாகவே உண்டு.

2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 77 அறிவியலாளர்களைக் கேட்டது. இரகசியத் தெளிப்புக்குச் சான்று எதுவும் காணவில்லை என்றவர்கள் 76 பேர். இதை இரு தரப்பாகச் சமன்செய்வது நடுநிலை ஆகாது.

ஆனால், நம்புகிறவரைக் கேலி செய்யாதீர்கள். தோட்ட மக்களின் அச்சத்துக்கு வரலாறு இருக்கிறது. முதுகில் பம்பைச் சுமந்து மருந்தடித்த பெண்கள் பராகுவாட் என்னும் களைக்கொல்லியைப் பல்லாண்டு சுவாசித்தார்கள். அவர்கள் பட்ட பாட்டைத் தெனாகனித்தா அமைப்பு 2002இல் அறிக்கையாக்கியது. அதே ஆண்டு அரசு தடையை அறிவித்தது, பிறகு தளர்த்தியது. முழுத்தடை 2020 ஜனவரி 1இல்தான் வந்தது.

அந்த நஞ்சு பெயர் ஒட்டிய புட்டியில், பட்டப்பகலில் வந்தது. அதை வெளியே கொண்டுவந்தது, பாதிக்கப்பட்டவர்களிடம் நேரில் கேட்டு எழுதிவைத்த சான்று. வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் காலடியில் இருப்பதைத் தவறவிடுவோம்.

மாணவர்களே, அடுத்த கட்டுரையில் ஒவ்வொரு வாதத்துக்கும் மூன்று கேள்வி கேளுங்கள்: யார் சொன்னது? எப்படி அளந்தார்கள்? வேறு காரணம் இருக்க முடியுமா? பதில்களை எழுதிய பிறகு முடிவுரைக்குப் போங்கள்.