பெயர் தந்தவர் யார்?

வகுப்பறையில் பெயர்ப் பதிவேட்டைத் திறந்து, ஒவ்வொரு பெயராக அழைப்பது என் அன்றாடப் பணி. ஒரு நாள், மேல்நாட்டு இசையிலே நாட்டம் கொண்ட மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, பிங்க் ஃபிளாய்டு என்ற இசைக்குழுவின் பெயருக்கு என்ன பொருள்?" என்று கேட்டான். கல்லூரி நாள் தொட்டு அக்குழுவின் இசையில் ஈடுபட்டவன் நான். "பிங்க் என்றால் இளஞ்சிவப்பு, ஃபிளாய்டு ஏதோ கற்பனைச் சொல்லாக இருக்கும்" என்றேன். பிறகு தேடிப் படித்தேன்; தலை கவிழ்ந்தேன். அவை நிறமும் அல்ல, கற்பனையும் அல்ல. இரண்டு மனிதர்கள்! பாடிப் பிழைத்த இரண்டு ஏழைக் கறுப்பினக் கலைஞர்கள்!

அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுத வைத்தது.

பெயருக்குப் புராணம் கட்டுவதிலே நம்மவர் வல்லவர். ஊர்ப் பெயரா? ஒரு முனிவர் வருவார். குளத்தின் பெயரா? ஒரு தேவன் தோன்றுவான். இந்த வழக்கத்தைக் கேலி செய்வதுபோல் இங்கிலாந்திலே ஓர் இளைஞர் எழுதினார். 1961 ஜூலையில் லிவர்பூல் நகரில் 'மெர்சி பீட்' என்ற இசை ஏடு பிறந்தது. அதன் முதல் இதழில், பீட்டில்ஸ் என்ற பெயர் வந்த கதையை ஜான் லெனன் சொன்னார். தீப்பற்றி எரியும் அப்பத்தின் மீது ஒரு மனிதன் தோன்றி, அந்தப் பெயரை அருளிச் சென்றானாம்! பெயர்க் காரணம் கேட்டுத் துளைத்தவர்களுக்கு அவர் தந்த நையாண்டி விடை அது.

உண்மை எளியது. அமெரிக்காவிலே படி ஹாலி என்ற பாடகரோடு இயங்கிய குழுவின் பெயர் கிரிக்கெட்ஸ், அதாவது சில்வண்டுகள். அவர்கள்மீது கொண்ட பற்றினால் லெனனும் தோழர் ஸ்டூவர்ட் சட்கிளிஃபும் தாங்களும் வண்டின் பெயரை நாடினர். தாளத்தைக் குறிக்கும் 'பீட்' என்ற ஒலி உள்ளே அமையுமாறு எழுத்தை மாற்றினர். 1960 ஆகஸ்டில் அப்பெயர் நிலைத்தது. வானம் தரவில்லை, இசைத்தட்டு தந்தது. பெயர்கள் மனிதரிடமிருந்து மனிதருக்கு வருகின்றன. அப்படியானால், பெயர் என்பது ஒரு கடன். கடன் என்றால் கொடுத்தவர் ஒருவர் இருக்க வேண்டுமே! அவர் எங்கே?

1962ஆம் ஆண்டு இலண்டன். 'ஜாஸ் நியூஸ்' என்ற ஏட்டுக்குத் தொலைபேசியில் விளம்பரம் சொல்லிக் கொண்டிருந்தார் பிரையன் ஜோன்ஸ். "குழுவின் பெயர்?" என்று கேட்டார்கள். பெயரே வைக்கவில்லை! தரையிலே மடி வாட்டர்சின் இசைத்தட்டு கிடந்தது. அதிலிருந்த ஒரு பாடலின் தலைப்பைப் படித்துச் சொல்லிவிட்டார் என்பது அவருடைய தோழர் கீத் ரிச்சர்ட்ஸ் பின்னாளில் கூறிய செய்தி. உருளும் கல் என்று பொருள்படும் அந்தச் சொல்லே 'ரோலிங் ஸ்டோன்ஸ்' ஆயிற்று. மடி வாட்டர்ஸ் யார்? மிசிசிப்பியின் பருத்திப் பண்ணையில் உழைத்துவிட்டு, 1943இல் சிகாகோ நகரம் சென்றவர். அந்தப் பாடலை அவர் பதிவு செய்தது 1950இல்.

அடுத்தது, என் மாணவன் கேட்ட பெயர். 1965இல் சிட் பாரெட்டின் குழு 'டீ செட்' என்ற பெயரில் இசைத்து வந்தது. ஒரு நிகழ்ச்சியில் அதே பெயருடன் இன்னொரு குழுவும் வந்து நின்றது! உடனே புதுப்பெயர் வேண்டியிருந்தது. பிளைண்ட் பாய் ஃபுல்லர் என்ற கறுப்பினப் பாடகரின் இசைத்தட்டு உறையில் பால் ஆலிவர் எழுதிய குறிப்பிலே, இரண்டு பெயர்களை பாரெட் கண்டிருந்தார். ஒருவர் தென் கரோலினாவின் பிங்க் ஆண்டர்சன்; மருந்து விற்பவரோடு ஊர் ஊராய்ச் சென்று, கூட்டம் சேர்க்கப் பாடியவர். மற்றவர் வட கரோலினாவின் ஃபிளாய்டு கவுன்சில்; 1937இல் ஃபுல்லரோடு இசைத்தட்டுப் பதிவில் பங்கு கொண்டவர். இருவரின் முன்பெயர்களும் ஒட்டப்பட்டன. பெயர் பிறந்தது.

"அன்பினால்தானே எடுத்தார்கள், அதில் என்ன குற்றம்?" என்று கேட்பீர்கள். குற்றமில்லை. கடன் வாங்குவது குற்றமன்று. கொடுத்தவரை மறப்பதுதான் குறை. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் மறக்கவில்லை. 1965 மே மாதம் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்கு அழைப்பு வந்தபோது, ஹௌலிங் வுல்ஃப் என்ற மூத்த கறுப்பினப் பாடகரும் பாட வேண்டும் என்று வலியுறுத்தி, அவரை மேடையேற்றினர். 1981 நவம்பரில் சிகாகோவின் சிறிய அரங்கு ஒன்றில் மடி வாட்டர்சின் பக்கத்தில் நின்றே பாடினர். பெயரும் இசையும் அங்கே ஒரே வேரில் நிற்கின்றன.

பிங்க் ஃபிளாய்டின் நிலை வேறு. 1967இல் வெளிவந்த முதல் தொகுப்பிலே விண்வெளி உண்டு, விந்தைக் கதைகள் உண்டு. கரோலினாவின் மண் இல்லை. பெயர் வெறும் ஓசையாகி விட்டது. 1973இல் அவர்களுடைய 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' உலகெங்கும் விலைபோனபோது, ஆண்டர்சனும் கவுன்சிலும் உயிரோடிருந்தார்கள். 1974இல் ஒருவர் மறைந்தார், 1976இல் மற்றவர். கோடிக்கணக்கான வீடுகளுக்குள் பெயர்கள் சென்றன; மனிதர்கள் வெளியிலேயே நின்றார்கள். நான் இன்றும் விரும்பிக் கேட்கும் இசை அது. விரும்புவதாலேயே இந்தக் குறையைச் சொல்கிறேன்.

இது பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2006இல் நாஷ்வில் நகரில் தோன்றிய வெள்ளையர் குழு ஒன்று 'லேடி ஆண்டிபெல்லம்' என்று பெயர் வைத்துக்கொண்டது. படம் எடுத்துக்கொண்ட பழைய பாணி மாளிகை தந்த பெயர். ஆண்டிபெல்லம் என்றால் போருக்கு முந்திய காலம். எந்தப் போர்? 1861இல் தொடங்கிய உள்நாட்டுப் போர். முந்திய காலம் எது? மனிதரை மனிதர் விலைக்கு வாங்கிய காலம்! 2020 மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்டு காவலர் ஒருவரால் கொல்லப்பட்டபின் அமெரிக்கா கொதித்தெழுந்தது. ஜூனில் அக்குழு வருத்தம் தெரிவித்து, 'லேடி ஏ' என்று சுருக்கிக்கொண்டது.

நல்ல செயல்தான். ஆனால் சியாட்டில் நகரத்துக் கறுப்பினப் பாடகி அனிதா ஒயிட், அதே 'லேடி ஏ' என்ற பெயரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடி வந்தார். பேச்சு முறிந்தது. அவர் ஒரு கோடி டாலர் கேட்டார். அதில் பாதியை அறப்பணிகளுக்கு என்றார். 2011லேயே பெயரைப் பதிவு செய்துவிட்டோம் என்றது குழு. ஜூலையில் நீதிமன்றம் சென்றது. செப்டம்பரில் அவரும் எதிர்வழக்குத் தொடுத்தார். 2022இல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. பதிவேடு குழுவின் பக்கம் பேசலாம். ஆயினும், அடிமைக்காலத்தின் நிழலைத் துடைக்கப் புறப்பட்டவர்கள், ஒரு கறுப்பினப் பெண்ணைக் கேளாமலே அவள் பெயரில் போய் நின்றார்கள் என்பதை எந்தப் பதிவேடு மறைக்கும்?

தோழர்களே, பாடலைக் கேட்கிறோம், பாடகரைப் போற்றுகிறோம். பெயரையும் சற்று விசாரிப்போம். தெய்வம் தந்தது என்றால் சிரிப்போம். மனிதர் தந்தது என்றால் அவர் யாரென்று கேட்போம். அவருக்குரிய இடம் கிடைத்ததா என்று பார்ப்பதும் திறனாய்வின் கடமையே.

மறுநாள் வகுப்பில் என் விடை தவறு என்று மாணவனிடம் ஒப்புக்கொண்டேன். கரும்பலகையில் எழுதினேன்: பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்டு கவுன்சில். பிள்ளைகள் உரக்கப் படித்தார்கள். பதிவேட்டில் இல்லாத அந்த இரண்டு பெயர்களையும் அன்று எங்கள் வகுப்பு அழைத்தது.