பாசியும் பாறையும் நீரும்: ஒளிப்படத்தில் நெய்தல்

நெய்தலுக்கு முதற்பொருள் கடலும் கடல்சார்ந்த இடமும் என்பதும், உரிப்பொருள் இரங்கல் என்பதும் தமிழ் கற்றார் அறிந்தனவே. கடலோரப் பாசியையும் பாறையையும் அலைநீரையும் இயற்கை ஒளியிலே எடுத்த ஒளிப்படங்கள் இந்நாளிற் பெருகியுள்ளன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் மக்கள் இல்லை. ஆதலின் அவை முதலும் கருவும் உடையனவாய், உரிப்பொருள் இல்லனவாய் நிற்கின்றன என்று தமிழ் பயில்வோர் சிலர் குறை கூறுவர். யானும் முன்னர் அவ்வாறு கூறியவனே. அக்குறை பொருந்துமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஒன்று கருதத்தக்கது. மக்கள் உருவம் தோன்றாமையால் மட்டும் உரிப்பொருள் இல்லையென்று சொல்லிவிட முடியாது. உள்ளுறை உவமம் கருப்பொருளை இடமாகக் கொண்டே பிறக்கின்றது. பறவையையும் மீனையும் பூவையும் மட்டும் புலவர் கூற, தலைவியின் துயர் கேட்போர் உள்ளத்தே விளைகின்றது. சொல்லுக்கு இயன்ற இது படத்துக்கும் இயலுமா என்பதே வினா.

பாசியை முதன்முதலில் ஒளிகொண்டு பதித்தவருள் தலைசிறந்தவர் இங்கிலாந்து நாட்டு அன்னா அட்கின்ஸ் அம்மையார். ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்ட நீலப்படிவ முறையை அவர் மறு ஆண்டே கையாண்டார். இரும்பு உப்புக்களைப் பூசிய தாளின்மீது பாசியைக் கிடத்தி வெயிலிற் காட்டி, பின் நீரிற் கழுவினால், பாசி கிடந்த இடம் வெண்மையாகவும் ஏனைய இடம் நீலமாகவும் தோன்றும். படப்பெட்டியே வேண்டுவதில்லை, ஞாயிறும் நீரும் போதும். 1843-இல் தொடங்கிப் பத்தாண்டுகள் பகுதி பகுதியாக அவர் வெளியிட்ட பிரித்தானியப் பாசிகளின் தொகுதியை, ஒளிப்படம் கொண்ட முதல் நூல் என்பர். அணியிலக்கணத்தார் கூறும் தன்மையணிக்கு இதனினும் தக்க சான்று காண்டல் அரிது. பாசியின் அளவும் வடிவும் உள்ளவாறே உள்ளன. எனினும் அப்பாசி தன் நிலத்தினின்று பெயர்க்கப்பட்டது. பாறையும் இல்லை, அலையும் இல்லை. ஆகவே அது கருப்பொருளாகாது, பொருள் மட்டுமே.

அமெரிக்கரான எட்வர்டு வெஸ்டன் இதனின் வேறுபட்டவர். 1929-இல் கலிபோர்னியாவின் கார்மெல் நகரிற் குடியேறிய பின், அருகிலுள்ள பாயிண்ட் லோபோஸ் முனையின் பாறைகளையும் கரையொதுங்கிய பாசிச் சுருள்களையும் ஆண்டுக்கணக்காக எடுத்தார். லென்சின் துளையை மிகச் சுருக்கி, அண்மையும் சேய்மையும் ஒருங்கே தெளிவுறச் செய்தல் அவர் முறை. அங்கே அவர் எடுத்த இறுதிப் படம் 1948-ஆம் ஆண்டினது. அப்போது நடுக்குவாத நோய் அவரைப் பற்றியிருந்தது. அப்படத்தில் கற்கள் சிதறிக் கிடக்கின்றன, வேறொன்றும் இல்லை. ஆயினும் இரங்கல் தோன்றுகின்றது. நோயை அறிந்தமையால் நாம் ஏற்றிக் கூறுவதன்றோ இது என ஒருவர் வினவலாம். தக்க வினாவே. அகப்பாட்டுக்குப் புலவன் வரலாறு வேண்டுவதில்லை என்பது நம் மரபு. படத்துக்கும் அதுவே முறை. வரலாற்றை மறந்து நோக்கினும், ஒன்றோடொன்று சேராது கிடக்கும் அக்கற்களிலே தனிமை உளது. எனவே மக்கள் இல்லாப் படத்தில் உரிப்பொருள் இல்லை என்னும் பொதுவிதி நிற்கமாட்டாது.

இனிப் பொழுதை நோக்குவோம். நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு. அதற்கு ஞாயிறு சாயும் பொழுது என்பதே பலரும் கொண்ட பொருள். நம் கிழக்குக் கடற்கரையில் அப்பொழுது ஒளி நிலத்தின் பக்கமிருந்து வருகின்றது. மாமல்லபுரக் கரையில் நின்று நோக்கினால், பாறையின் மணியும் பாசியின் நிறமும் அப்போது தெளிவாகப் புலப்படும். பின்னர் நிலத்தின் நிழல் நீண்டு நீர் கருகும். விடியலிலோ ஒளி கடலிலிருந்து எதிரே வரும். பாறை கரிய உருவாய் நிற்க, பாசியின் மெல்லிதழை ஒளி ஊடுருவும். நம் படக்கலைஞர் பெரும்பாலும் விரும்புவது இவ்விடியலையே; அஃது இலக்கணப்படி மருதத்தின் பொழுது. பொழுது மயங்குதலை இலக்கணம் விலக்கவில்லை. ஆனால் எதிரொளியில் அழகு மிகுகின்றது, விவரம் மறைகின்றது என்பதை மறத்தலாகாது.

இதனினும் பெரிய சிக்கல் ஓடும் நீரைப் படமாக்குவதில் உள்ளது. ஒரு நொடியின் ஐந்நூற்றில் ஒரு கூறு மட்டும் ஒளியை விட்டால் துளிகள் பளிங்குபோல் உறையும். ஒளி குறைக்கும் கண்ணாடியை இட்டுப் பல நொடிகள் விட்டால் அலை பனிமூட்டம் போலாகும். இவ்விரண்டையும் மனிதக் கண் கண்டதில்லை. குறுந்தொகை 399-ஆம் பாட்டில் பரணர் ஊர்க் கேணியின் பாசியைப் பசலைக்கு உவமையாக்கினார். தொட்டால் விலகும், விட்டால் பரவும் என்பது கருத்து. அது நன்னீர்ப் பாசி. எனினும் நம் ஆராய்ச்சிக்கு மிக வேண்டியது. அங்கே இரண்டு கணங்கள் உள்ளன. இரண்டுக்கும் நடுவே ஒரு கை உளது. குறுங்கணப் படம் ஒரு கணத்தையே தருகின்றது. நெடுங்கணப் படம் பல கணங்களையும் தொகுத்துத் தருகின்றது. ஆனால் கையை அழித்துவிடுகின்றது.

அழித்துவிடுகின்றது என்பது மிகையன்று. 1838-இல் டாகெர் எடுத்த பாரிசு நகரத் தெருப்படத்தில், நடந்தோரும் வண்டிகளும் மறைந்தொழிய, காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள அசையாது நின்ற ஒருவரே தெளிவாகப் பதிந்தார். அதுபோலவே, நெடுங்கணக் கடற்படத்தின் குறுக்கே வலை சுமந்து ஒருவர் நடந்தாலும் அவர் பதியார். பாறை மட்டும் பதியும். உழைப்பவர் அசைகின்றவர், ஆதலின் அம்முறை முதலில் நீக்குவது உழைப்பவரையே. முன்னே கூறிய குறையின் உண்மைப் பகுதி இதுவே என்க. மக்கள் இல்லாமை குற்றமன்று. இருந்தவரை இல்லாதவராக்குதலே குற்றம்.

இதற்கு மாறான சான்று நம் நாட்டிலேயே உளது. மன்னார் வளைகுடாக் கரையில் பாசி எடுக்கும் பெண்களை எம். பழனிக்குமார் எடுத்த படங்கள் 2019-இல் பாரி இணைய இதழில் வெளிவந்தன. அங்கே பாசி காட்சிப்பொருள் அன்று. மரிக்கொழுந்து, கட்டக்கோரை எனப் பெயர் கொண்ட வாழ்வுப்பொருள். பாறை கீறாதிருக்க விரல்களில் துணி சுற்றி, சேலைமேல் சட்டை அணிந்து, அப்பெண்கள் மூச்சடக்கி மூழ்குகின்றனர். நீருள் கலங்கி வரும் வெயிலே படத்துக்கு ஒளி. பாசி, பாறை, நீர் ஆகிய மூன்றும் இங்கும் உள்ளன; அவற்றைத் தொடும் கையும் உளது. பரணர் பாட்டில் இருந்த கை இது என்று கூறத் தோன்றுகின்றது. எனினும் மக்கள் உள்ளமையால் மட்டும் இப்படங்கள் சிறந்தன அல்ல. பாறையின் கூர்மையைத் துணி சுற்றிய விரல் உணர்த்துவதால் சிறந்தன. கருவும் உரியும் ஈண்டுப் பிரிவின்றி நிற்கின்றன.

யான் வாழும் பள்ளிக்கரணையில் கடற்பாசியும் இல்லை, அலைமோதும் பாறையும் இல்லை. 2022-இல் ராம்சர் பட்டியலிற் சேர்ந்த சதுப்புநிலம் உளது. அதனை ஒட்டிப் பெருங்குடிக் குப்பை மேடும் உளது. விடியலிற் படப்பெட்டியோடு வருவோர் நாரையையும் நீரையும் சட்டத்துள் அடக்கி, மேட்டை வெளியே நிறுத்துவர். நின்றதுபோல் தோன்றும் அந்நீரும் ஒக்கியம் மடுவு வழியாகக் கடல்நோக்கிச் செல்வதே. சட்டத்துள் எதனை வைப்பது என்பது கலைஞன் உரிமை. அதனை மறுப்பார் இலர். ஆனால் எதனை வெளியே நிறுத்தினான் என்று வினவுதல் திறனாய்வாளன் கடன். அவ்வினாவுக்கு வெஸ்டனின் கற்களும் விடை தருகின்றன, பழனிக்குமாரின் விரல்களும் விடை தருகின்றன. பனிமூட்டமாகிய அலை மட்டும் விடை தரவில்லை.