மோசடித் தடுப்பு மென்பொருளும் நம்பிக்கையும் – ஒரு விமர்சன நோக்கு

விளையாட்டை ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்ளத் தயங்கும் மனப்பாங்கு நம் பல்கலைக்கழகங்களில் இன்றும் உண்டு. கிளித்தட்டையும் கிட்டிப்புள்ளையும் நாட்டார் வழக்காற்றியல் என்னும் பெயரால் உள்ளே அழைத்துக்கொண்டோம். கணினி விளையாட்டோ, படிக்காத பிள்ளைகளின் பொழுதுபோக்கெனப் புறத்தே நின்றுவிட்டது. ஆயின் கினிகத்தேனை, வட்டவளை, நோர்ட்டன் பிரிஜ் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவரோடு சிறிது நேரம் உரையாடியோர், இணையவழி விளையாட்டு அவர்தம் வாழ்வில் பெறும் இடத்தை நன்கறிவர். அவ்விளையாட்டின் பொருட்டு அவர்கள் தம் கணினியினுள் எத்தகைய காவலாளியை அனுமதிக்கின்றனர் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் (கினிகத்தேனையில் அஃது எப்பொழுது முடிகின்றது என வினவுவாரும் உளர்) மாணவர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். லயத்தின் முன்னறையில் பழைய கணினியொன்று. அவருடைய தமக்கையார் வேலைக்கு விண்ணப்பிப்பது அதில். தம்பி பாடம் படிப்பது அதில். தந்தையாரின் ஊழியர் சேமலாப நிதிப் பத்திரங்களின் படிகளும் தாயாரின் வங்கிப் புத்தகத்தின் நிழற்படமும் இருப்பது அதில். இரவிலே விளையாட்டும் அதில்தான். விளையாட்டை நிறுவும்போது உடன்வந்த மோசடித் தடுப்பு மென்பொருள், கணினி முழுவதன் மீதும் அதிகாரம் கோரியிருந்தது. "இதற்கு ஏன் இடங்கொடுத்தீர்?" என்று வினவினேன். "விடாட்டி வெளையாட விட மாட்டாங்க, சேர்" என்றார். இந்த மறுமொழியைப் பின்னர் பலமுறை எண்ணிப் பார்த்தேன்.

அக்காவலுக்குக் காரணமே இல்லை என்று வாதிடுதல் நேர்மையாகாது. சுட்டு விளையாடும் போட்டிகளில், குறி தானே எதிரியின் தலைக்குச் சென்று பொருந்தும்படி செய்யும் நிரல்கள் விலைக்குக் கிடைக்கின்றன. சுவருக்கப்பால் நிற்பவனை ஊடுருவிக் காட்டும் நிரல்களும் உள. மாதக்கணக்கிற் பயின்று தேர்ந்த ஒருவன், பணங்கொடுத்துக் கண் வாங்கிய இன்னொருவனிடம் தோற்கும்போது விளையாட்டு என்னும் சொல்லே பொருளிழக்கின்றது. இந்த நிரல்கள் காலப்போக்கில் இயங்குதளத்தின் உட்கருவாகிய கர்னல் வரை இறங்கின. கணினியின் நினைவகம், வட்டு, விசைப்பலகை அனைத்தையும் ஆள்வது அவ்வுட்கரு. மேற்றளத்தில் நிற்கும் காவலாளியின் கண்ணை ஆங்கிருந்து எளிதிற் கட்டிவிடலாம். ஆகவே கள்வனைத் துரத்திக்கொண்டு காவலாளியும் கீழே இறங்கினான். இத் தர்க்கத்தில் பிழையில்லை. இறங்கிய காவலாளிக்குத் தரப்பட்ட திறவுகோல், கள்வனிடமிருந்த அதே திறவுகோல் என்பதே இடர்ப்பாடு.

வரலாறு இதற்குச் சான்று பகரும். 2005ஆம் ஆண்டில் 'வேர்ல்ட் ஒவ் வோர்கிறாவ்ற்' விளையாட்டின் காவல் நிரலாகிய 'வார்டன்' விளையாடுவோரின் கணினியில் திறந்திருந்த ஏனைய சாளரங்களின் தலைப்புகளையும் படித்தமையைக் கிறெக் ஹோக்லண்ட் என்னும் ஆய்வாளர் வெளிப்படுத்தினார். தலைப்புத்தானே என்பார் சிலர். கடிதம் ஒன்றின் தலைப்பும், வங்கிக் கணக்குப் பக்கமொன்றின் தலைப்பும் எத்துணை கூறிவிடும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதே ஆண்டின் இறுதியிலே வேறொரு செய்தி வெளிவந்தது. சொனி பீ.எம்.ஜி. நிறுவனம் தன் இசைத்தட்டுகள் படியெடுக்கப்படுவதைத் தடுப்பதற்காக, வாங்கியோரின் கணினியில் தன்னை மறைத்துக்கொள்ளும் நிரலொன்றைக் களவாக நிறுவியிருந்தது. குறித்த சில எழுத்துகளிற் பெயர் தொடங்கும் கோப்பு எதுவாயினும் அந்நிரல் அதனையும் சேர்த்தே மறைத்துவிடும். இதனையறிந்த விளையாட்டுக் கள்வர் தம் நிரல்களுக்கு அவ்வாறே பெயரிட்டு வார்டனின் கண்ணுக்குத் தப்பினர். ஒரு நிறுவனம் நம்பாமையாற் கட்டிய திரை, இன்னொரு நிறுவனம் நம்பாமையால் வைத்த காவலுக்கு எதிரான மறைவிடமாயிற்று! இரண்டுக்கும் இடங்கொடுத்த கணினியின் உரிமையாளரோ இரண்டையும் அறியார்.

பின்வந்த நிகழ்ச்சிகளைச் சுருங்கக் கூறலாம். 2013இல் ஈ.எஸ்.ஈ.ஏ. என்னும் போட்டி அமைப்பின் காவல் நிரலுக்குள் ஊழியர் ஒருவர் மூலம் பிட்கொயின் அகழும் நிரல் புகுத்தப்பட்டு, ஏறத்தாழ 14,000 கணினிகள் உரியோர் அறியாமலே உழைத்தன. நியூ ஜேர்சி மாநிலம் தொடுத்த நடவடிக்கை 10 இலட்சம் டொலர் இணக்கத்தில் முடிந்தது. 2016 செத்தெம்பரில் யப்பானின் கப்கொம் நிறுவனம் 'ஸ்ரீற் பைற்றர் 5' விளையாட்டுடன் அனுப்பிய கர்னல் நிரல், எந்த நிரலுக்கும் உட்கருவின் கதவைத் திறந்துவிடும் வகையில் அமைந்திருந்தமை தெரியவர, உடனேயே மீளப்பெறப்பட்டது. 2022இல் 'கென்ஷின் இம்பக்ற்' விளையாட்டின் காவல் நிரலைக் கப்பம் கோரும் குற்றவாளிகள் தம் கருவியாக்கி, வைரசுத் தடுப்பினை முடக்கிய நிகழ்ச்சியை ட்ரெண்ட் மைக்ரோ நிறுவனம் விவரித்தது. அவ்விளையாட்டைத் தம் வாழ்நாளில் நிறுவாதவர்களும் இதற்கு இலக்காகக்கூடும் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. விண்டோஸ் ஏற்கும் கையொப்பம் அந்நிரலுக்கு உண்டாகையால், குற்றவாளி அதனைத் தானே கொண்டுவந்து நிறுவிக்கொள்வான். தீய நோக்கமே இன்றியும் உட்கருவில் நேரும் பிழை எத்தகையது என்பதை 2024 யூலை 19ஆந் திகதி உலகம் கண்டது. விளையாட்டோடு தொடர்பற்ற கிறவுட்ஸ்ரைக் என்னும் பாதுகாப்பு நிரலின் பிழையான இற்றைப்படுத்தல் ஒன்றினால் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் செயலிழந்தன.

இவற்றுள் அதிக விவாதத்துக்குள்ளானது றயற் நிறுவனத்தின் 'வான்கார்ட்' ஆகும். 2020இல் 'வலோரன்ற்' விளையாட்டுடன் வந்த இந்நிரல், விளையாடும் நேரத்தில் மட்டுமன்றிக் கணினி உயிர்பெறும் கணத்திலிருந்தே இயங்கத் தொடங்குகின்றது. அந்நிறுவனத்துக்குச் சார்பாகக் கூறத்தக்கவையும் உள. தன் நிரலிற் குறைகண்டு கூறுவோர்க்கு 1,00,000 டொலர் வரை பரிசு அறிவித்தது. நிரலை நிறுத்திவைக்கவும் வழி செய்தது. நிறுத்தினால் மீண்டும் விளையாடுவதற்குக் கணினியை மறுபடி தொடக்குதல் வேண்டும். அந்நிறுவனம் பொய்யுரைக்கின்றது என்று கூற என்னிடம் சான்றில்லை. அதன் நல்லெண்ணத்தையன்றி வேறு பிணையேதும் நமக்கு இல்லை என்பதே என் குறை. நிரலின் மூலத்தை வெளியிட்டால் கள்வர் அறிந்துகொள்வர் என்பது மறுக்கவியலாத வாதம். ஆயின் அதன் விளைவு யாது? காவலாளி எதைப் பார்க்கின்றான் என்பதைப் பார்க்கப்படுபவன் அறிதல் ஆகாது என்பது விதியாகிவிடுகின்றது.

மலையகத்தில் பிறந்தோர்க்கு இவ்விதி புதிதன்று. கொழுந்து மடுவத்தை நினைவுகூர்க. நாளில் மூன்று வேளையும் பெண்கள் கூடையோடு வரிசையில் நிற்பர். கொழுந்தில் தண்ணீர் சேர்த்திருப்பர், முற்றிய இலை கலந்திருப்பர் என்னும் ஐயம் அவர்கள் வந்து சேருமுன்னரே அங்கு வந்து காத்திருக்கும். ஐயம் பொய்யுமன்று, அத்தகைய செயல்கள் நிகழ்ந்ததுண்டு. அதனாற் கூடைக்கென்றும் தண்ணீருக்கென்றும் ஒவ்வொருத்தியின் நிறையிலிருந்தும் கழிக்கப்பட்டது. நனைக்காதவளின் நிறையிலும் கழிவு விழுந்தது. குறித்த நிறை கொய்யாவிடின் முழுப்பேர் அரைப்பேராகும். கணக்கப்பிள்ளை கூடையைச் சோதிக்கலாம். தராசை யார் சோதிப்பது? தராசின் முள்ளைத் தானும் காணவேண்டும் என்று கேட்டவள் வாயாடி எனப் பெயரெடுத்தாள்.

இதற்கும் முந்தியது துண்டு. தொழிலாளியின் கடனைக் குறித்த அச்சிறு தாள், அவனை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கொண்டுசெல்லும் கங்காணியின் கையில் இருந்தது. எவருடைய கடன் எழுதப்பட்டதோ அவருட் பலர் அதனைப் படிக்கவல்லாராக இருந்திலர். 1921இல் சட்டத்தினால் அம்முறை ஒழிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து வந்தோர்க்குத் தோட்டத்தின் குறியும் இலக்கமும் பொறித்த தகரத் துண்டு அளிக்கப்பட்டதும் இவ்வழிப்பட்டதே. எவர் எங்குச் சேரவேண்டியவர் என்பதைச் சுமப்பவர் வாசியாமலே அது பிறர்க்கு வாசித்துக் காட்டிற்று.

ஒப்புமையை அளவுக்கு மீறி இழுத்தலும் தவறு. விளையாட்டை விட்டுவிடலாம், மலையை விட்டு எங்கே செல்வது? கொழுந்து கொய்தவளின் அடுப்பு அந்நிறுவையில் எரிந்தது. இளைஞன் இழப்பது ஓர் இரவின் மகிழ்ச்சி. ஆயினும் சொந்த ஊரில் நூலகமும் விளையாட்டிடமும் அரிதாகிய ஓரிளைஞனுக்கு, கொழும்பிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் உள்ள நண்பரோடு சமமாக நிற்கக் கிடைக்கும் ஒரே களம் அதுவாயின், விட்டுவிடு என்று கூறுதல் எளிதோ? இன்னொன்றும் உண்டு. விண்டோஸ் 11இல் வலோரன்ற் ஆடுவதற்கு 'ரீ.பி.எம். 2.0' என்னும் பாதுகாப்பு வசதி வேண்டப்படுகின்றது. பழைய கணினிகள் பலவற்றில் அது கிடையாது. நேர்மையை மெய்ப்பிப்பதற்கும் முதலில் பணம் வேண்டியிருக்கின்றது.

இனி, உடன்பாட்டுப் பத்திரத்தை இலக்கிய மாணவன் நோக்கும் முறையில் ஒரு பிரதியாகவே நோக்குவாம். நம் மாணவர் 'சம்மதம்' என அழுத்தும் இப்பத்திரங்கள் ஆங்கிலத்தில் உள்ளன; நீண்டவை; எழுவாயை மறைக்கும் செயப்பாட்டு வாக்கியங்கள் நிறைந்தவை. தகவல் 'சேகரிக்கப்படலாம்', 'பகிரப்படலாம்'. சேகரிப்போர் யார், பகிரப்படுவது யாருடன் என்பவை வாக்கியத்தின் நிழலில் நிற்கும். நியாயம், நம்பிக்கை, சமூகம் முதலிய சொற்கள் அடிக்கடி வரும். நம்பிக்கை என்பது இருதிறத்தார்க்கும் பொதுவான சொல். இப்பிரதியிலோ அது ஒருவர் தரவேண்டியதும் மற்றவர் பெறவேண்டியதுமாகவே ஆளப்படுகின்றது. பெருவிரல் அடையாளமிட்ட பாட்டனாருக்கும் சுட்டியை அழுத்தும் பேரனுக்கும் இடையே கல்வி வந்துவிட்டது. ஆங்கிலமும் ஓரளவு வந்துவிட்டது. வாசிக்கும் அவகாசமும் மறுக்கும் இடமும் வந்திலவே.

சட்டம் இவ்விடத்தில் ஓரளவு துணைநிற்கும். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதமென்பது சுயேச்சையாகவும் விடயமறிந்தும் ஐயத்துக்கிடமின்றியும் அளிக்கப்படவேண்டும் என்கின்றது. அதன் முக்கியப் பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து, பின்னர் பிற்போடப்பட்டன. நடைமுறைக்கு வந்தாலும் ஒரு வினா எஞ்சும். அம்முன்னறையிலே சம்மதம் அளித்தவர் தம்பி, பத்திரங்கள் தந்தையாருடையவை, விண்ணப்பங்கள் தமக்கையாருடையவை. வீட்டுக்கு ஒரு கணினி என்னும் நிலையில் ஒருவரின் சம்மதம் எத்தனை பேரைக் கட்டும்? ஆளுக்கொரு கணினி உள்ள நாடுகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட பத்திரத்தில் இவ்வினாவுக்கு இடமில்லை.

வேறு வழி இல்லையென்று கூறவும் இயலாது. விளையாட்டை நடத்தும் சேவையகம், ஒருவர் காணவேண்டியதை மட்டுமே அவருடைய கணினிக்கு அனுப்புமாயின், சுவரை ஊடுருவும் நிரலுக்கு ஊடுருவ ஒன்றும் இராது. வலோரன்றே இம்முறையை ஓரளவு கையாள்கின்றது. வல்வ் நிறுவனம் 2013இல் 'கவுன்ரர் ஸ்ரைக்' விளையாட்டிற் புகுத்திய முறை எனக்கு மேலும் உவப்பானது. ஐயத்துக்குரிய ஆட்டத்தின் பதிவை அனுபவம் வாய்ந்த ஏனைய ஆட்டக்காரர் பார்த்துத் தீர்ப்புக் கூறினர். பின்னர் இத்தீர்ப்புகளைப் பயின்ற கணினியும் துணைக்கு வந்தது. இங்கு ஆராயப்படுவது ஆட்டம்; ஆடுபவரின் வீடு அன்று. இம்முறையும் குறையற்றதன்று. தீர்ப்பு வரும் வரை மோசடிக்காரன் பல ஆட்டங்களைக் கெடுத்துவிடுவான். குறி பொருத்தும் நிரலை மெல்லிதாகப் பயன்படுத்துபவன் தப்பவும் கூடும். கவுன்ரர் ஸ்ரைக் ஆடுவோரிற் பலர் கடுமையான காவலுள்ள தனியார் களங்களுக்குத் தாமே விரும்பிச் செல்கின்றனர் என்பதையும் மறைத்தலாகாது.

எனினும் அந்நிறுவனத்தின் 2014ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று குறிப்பிடத்தக்கது. தன் காவல் நிரல், ஆடுவோர் சென்றுவந்த இணையதளங்களின் பட்டியலைத் திரட்டுகின்றது என்னும் குற்றச்சாட்டு எழுந்தபோது, அதன் தலைவர் கேப் நியூவெல் தாமே வெளிப்படையாக விடையிறுத்தார். பணம்பெற்று விற்கப்படும் மோசடி நிரல்கள் தம் சேவையகத்தோடு தொடர்புகொள்ளும் தடத்தை மட்டுமே தேடியதாகவும், முதற் சோதனையில் ஐயத்துக்குள்ளானோரின் கணினியிலேயே அச்சோதனை நடந்ததாகவும், அதனால் 570 பேர் தடைசெய்யப்பட்டதாகவும் விளக்கினார். விளக்கத்தை ஏற்பதும் மறுப்பதும் கேட்போர் உரிமை. முள்ளைக் காட்டு என்றபோது தராசு நம் பக்கம் சிறிது திரும்பியது என்பதே இதிற் கொள்ளத்தக்கது. கேட்டவர்கள் பல நாட்டினர்; பெருந்தொகையினர்; ஆங்கிலத்தில் வினவ வல்லோர். கினிகத்தேனையிலிருந்து ஒருவர் தனித்து எழுதும் கடிதத்துக்கு அவ்வாறு விடை வந்திருக்குமா என்பதை நானறியேன். கணினி பயிலும் நம் மாணவர் இந்நிரல்களைப் பகுத்தாராய்வதைத் தம் ஆய்வேடுகளுக்குப் பொருளாகக் கொள்ளலாம். அவ்வுடன்பாடுகளைத் தமிழில் விளக்கியெழுதும் பணியைத் தமிழ்ச் சங்கங்களே ஏற்கலாம். இரண்டும் இன்னும் தொடங்கப்படவேண்டியவை.

அன்று அம்மாணவர் விளையாட்டை அகற்றவில்லை. அகற்றுமாறு நானும் கூறவில்லை. தமக்கையார் தம் விண்ணப்பங்களையும் பெற்றோரின் பத்திரங்களையும் பென்டிரைவ் ஒன்றிற்கு மாற்றிவிட்டுக் கணினியில் இருந்தவற்றை அழித்தார். ஏன் அழிக்கிறாய் என்று தாயார் வினவினார். தம்பியின் விளையாட்டோடு வந்தவர் எவரென்று தெரியாது என்றார் அவர். தாயார் பென்டிரைவை வாங்கி, பிறப்புச் சான்றிதழ்கள் இருந்த பிஸ்கற் ரின்னில் வைத்து மூடினார்.