'இயற்கை' என்னும் அடைமொழி: தடுப்பூசி விவாதத்தின் சொல்லாட்சி குறித்துச் சில கருத்துகள்

தடுப்பூசி சிறந்ததா, இயற்கை நோயெதிர்ப்பாற்றல் சிறந்ததா என்னும் வினா 2021-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் பரவலாக எழுந்தது. மருத்துவர்கள் அதற்கு விடையளித்தனர். அரசும் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் விளக்கங்களை வெளியிட்டது. கொவிட்-19 தொற்றின் கடுமை தணிந்த பின்னும் அவ்வினா தணிந்ததாகத் தெரியவில்லை. விடைகள் ஆராயப்பட்ட அளவுக்கு, வினா அமைந்துள்ள மொழி ஆராயப்படவில்லை. இது தமிழாசிரியர்க்குரிய வேலையன்று எனத் தள்ளுவோர் உளர். பாடநூலுக்கான கலைச்சொல்லை ஆக்கித் தந்தவர்களுள் நாமும் அடங்குவோம் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

தமிழில் 'இயற்கை' என்பது வெறும் வகைப்பாட்டுச் சொல்லன்று. மதிப்பீட்டுச் சொல்லும் ஆகும். செயற்கைச் சிரிப்பு, செயற்கை உரம், செயற்கையான நடை ஆகிய தொடர்களில் 'செயற்கை' பெறும் இழிவுப் பொருளை உயர்நிலைப்பள்ளி மாணவரும் உணர்வர். அறிவியல் பாடநூல்கள் நோய்கண்டு தேறியவரின் தடுப்பாற்றலை 'இயற்கை' என்றும், தடுப்பூசியால் வருவதைச் 'செயற்கை' என்றும் பிரித்தபோது, விவாதம் தொடங்குமுன்பே தீர்ப்பும் எழுதப்பட்டுவிட்டது. எதிர்த்தரப்பார் வாதிட வேண்டியதே இல்லை. சொல்லை உச்சரித்தாலே போதும்.

இப்பாகுபாடு தமிழ் இலக்கண மரபுக்கும் ஒத்ததன்று. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் இயற்கைப் பொருளையும் செயற்கைப் பொருளையும் வேறுபடுத்துகிறார். இயல்பாகவே ஒரு தன்மையுடையதை 'இத்தன்மைத்து' எனக் கூறினால் போதும். ஒரு காரணத்தால் திரிந்து புதிய தன்மை பெற்றதை 'ஆயிற்று' என்னும் ஆக்கச்சொல்லோடு கூற வேண்டும். தீ சுடும் என்கிறோம். எண்ணெய் இட்டமையால் கதவு எளிதில் திறப்பதாயிற்று என்கிறோம். இவ்விதியை நம் பொருளுக்குப் பொருத்திப் பார்க்கலாம். தோல் கிருமியைத் தடுக்கும். வயிற்றின் அமிலம் கிருமியைக் கொல்லும். இவை பிறப்பொடு வந்தவை, இயற்கை. தட்டம்மை கண்டு தேறியவர் தட்டம்மையைத் தாங்குபவர் ஆயினார். தடுப்பூசி போட்டுக்கொண்டவரும் அவ்வாறே ஆயினார். இரண்டும் ஆக்கம் பெற்றவை, இரண்டுமே செயற்கை. வேறுபடுவது காரணம் மட்டுமே. ஒன்றில் காரணம் நோய், மற்றொன்றில் ஊசி. பொதுப்பேச்சில் மறைந்துபோனது இக்காரணமே.

மற்றொரு மயக்கமும் உண்டு. நல்லுணவு, உறக்கம், கசாயம் ஆகியவற்றால் உடல் பெறும் பொதுவான வலிமையையும் 'நோய் எதிர்ப்புச் சக்தி' என்றே மக்கள் வழங்குகின்றனர். தமிழ்நாட்டில் 2020-இல் அரசே கபசுரக் குடிநீர் வழங்கியபோது இவ்வழக்கு மேலும் வலுப்பெற்றது. 'எனக்கு இயற்கையாகவே எதிர்ப்புச் சக்தி உண்டு' என்பவர் பெரும்பாலும் கருதுவது இவ்வலிமையையே. குறிப்பிட்ட ஒரு கிருமியை அடையாளம் காணும் தடுப்பாற்றலை அவர் கருதுவதில்லை. ஆய்வேடுகள் 'இயற்கைத் தடுப்பாற்றல்' எனக் கூறுவதோ தொற்றுக்கு உள்ளானோர் பெற்றதை. ஆய்வின் சான்று கசாயத்துக்குச் சென்று சேர்வது இச்சொல்வழியேதான்.

பழைய வழக்கு இவ்வாறு பிளவுபட்டிருக்கவில்லை. நோய்க்குப் பெயர் அம்மை, தெய்வமும் அம்மையே, தடுப்பு முறைக்கு 'அம்மை குத்துதல்', அதற்கான மருந்துப் பொருளுக்கு 'அம்மைப்பால்' என்றனர். 1827-இல் தோன்றிய சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் நோய் நீங்க வேண்டிக்கொண்டோரின் வழித்தோன்றல்களே பின்னர்ப் பிள்ளைகளுக்கு அம்மை குத்தினர். நோயும் காப்பும் ஒரே வேர்ச்சொல்லில் நின்றன. 1796-இல் எட்வர்ட் ஜென்னர் செய்ததும் பசுவம்மை கண்ட பால்காரப் பெண்களுக்குப் பெரியம்மை வருவதில்லை என்னும் நாட்டார் அறிவைப் பின்பற்றியதுதான். நோய்வழி வந்த தடுப்பாற்றலிடம் பாடம் கேட்டே தடுப்பூசி பிறந்தது. அவ்விரண்டையும் பகையாக நிறுத்துவது வரலாற்றுக்கும் பொருந்தாது.

காரணத்தை மறைப்பதன் விளைவைக் காணச் சிங்கப்பூரைவிடத் தெளிவான களம் இல்லை. 2020 ஏப்ரல் 5-இல் பொங்கோல் எஸ்11 விடுதியும் வெஸ்ட்லைட் தோ குவான் விடுதியும் தனிமைப்படுத்தும் இடங்களாக அறிவிக்கப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில் அமைச்சு வெளியிட்ட கணக்கின்படி, விடுதிகளில் வாழ்ந்த ஏறத்தாழ 3,23,000 ஊழியருள் 54,505 பேருக்குத் தொற்று பரிசோதனையில் உறுதியாகியிருந்தது. மேலும் 98,289 பேரின் இரத்தத்தில் முன்தொற்றின் அடையாளம் காணப்பட்டது. ஏறக்குறைய 47 விழுக்காடு. தமிழ்நாட்டவரும் வங்காளதேசத்தவரும் பெருந்தொகையினராக இருந்த அக்கூட்டம், தடுப்பூசி இந்நாட்டுக்கு வருமுன்பே 'இயற்கைத் தடுப்பாற்றல்' பெற்றுவிட்டது. எவ்வாறு பெற்றது? ஓர் அறையில் பலர் படுத்துறங்கியதால் பெற்றது. இதனை இயற்கை என அழைக்க நாம் கூச வேண்டும்.

அவர்களுள் உயிரிழந்தோர் மிகச் சிலரே என்பர். உண்மை, அவர்களுள் பெரும்பாலோர் இளைஞர். அக்கணக்கைத் தேக்காவில் காய்கறி வாங்கும் முதியவருக்குப் பொருத்த இயலாது. 2021-இன் இறுதி மாதங்களில் இந்நகரில் மாண்டோருள் பெரும்பாலோர் முதியோர். தடுப்பூசி போடாதோர் தம் மக்கள்தொகைப் பங்கைவிட மிகுதியாக அவர்களிடையே இருந்தனர்.

மறுதரப்பின் சொல்லாட்சியும் குறையற்றதன்று. தொற்றிலிருந்து தேறியவரும் 'தடுப்பூசி போடாதவர்' என்னும் ஒற்றைப் பெயரில் அடக்கப்பட்டனர். விதிமுறை அவ்வளவு கரடுமுரடானதன்று: 2022 சனவரி 15 முதல் பணியிடம் செல்வோருக்கான விதியில், தேறி 180 நாள் கடவாதோரும் ஏற்கப்பட்டனர். (இத்தகைய கட்டுப்பாடுகள் அவ்வாண்டு அக்டோபரில் முற்றிலும் நீக்கப்பட்டன.) விதி ஒப்புக்கொண்டதைப் பரப்புரை ஒப்புக்கொள்ளத் தயங்கியது, அத்தயக்கமே ஐயத்துக்கு இடந்தந்தது. விடுதி ஊழியர் நிலை இன்னும் முரணானது. பாதிப்பேர் தடுப்பாற்றல் பெற்றிருந்தும் வெளிநடமாட்டம் அவர்களுக்குத் திறக்கவில்லை. 2021 செப்டம்பரில் வாரத்துக்கு 500 பேர் வரை, தடுப்பூசி போட்டவராக இருப்பின், லிட்டில் இந்தியா போன்ற இடங்களுக்குச் சென்றுவர முன்னோட்டமாக இசைவு வழங்கப்பட்டது. இங்கு முடிவு செய்தது தடுப்பாற்றல் அறிவியல் மட்டுமன்று. நெரிசல் குறித்த அச்சமும் நிர்வாகமும் சேர்ந்தே முடிவு செய்தன. அதனையும் வெளிப்படையாகப் பேசியிருக்கலாம்.

பாடநூலில் இனி 'நோய்வழித் தடுப்பாற்றல்', 'ஊசிவழித் தடுப்பாற்றல்' என வழங்கலாம் என்பது என் பரிந்துரை. அழகிய சொற்கள் அல்ல. ஆயினும் காரணத்தைச் சொல்பவை. தட்டம்மையை நடத்தும்போது இதன் பயன் விளங்கும். நோய்வழி வரும் தட்டம்மைத் தடுப்பாற்றல் வாழ்நாள் முழுவதும் நிற்பது. ஆனால் அந்நோய் பிற கிருமிகளுக்கு எதிராக உடல் முன்பு சேர்த்திருந்த எதிர்ப்பொருள்களுள் ஒரு பகுதியை அழிக்கிறது என 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்நாட்டில் தட்டம்மைத் தடுப்பூசி 1985 முதல் கட்டாயமாக இருப்பதற்கான காரணத்தை மாணவர்க்கு விளக்க இவ்வொரு செய்தி உதவும்.

டெங்கியோ இருதரப்பின் எளிய வாய்பாட்டையும் கலைக்கிறது. அதில் நான்கு வகைக் கிருமிகள் உள்ளன. ஒருவகை கண்டு தேறியவரை வேறுவகை தாக்கினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது. நோய்வழித் தடுப்பாற்றலே இங்கு இடராகிறது. 2016 அக்டோபரில் சிங்கப்பூர் 12 முதல் 45 வயதினருக்கு டெங்வேக்ஸியா தடுப்பூசியை ஏற்றது. முன்பு டெங்கி காணாதவருக்கு அது முதல் தொற்றைப் போல் செயற்பட்டுப் பின்வரும் தொற்றைக் கடுமையாக்கலாம் என 2017 நவம்பரில் அதன் தயாரிப்பாளரே அறிவித்தனர். ஆகவே அவ்வூசியைப் போடுமுன், முன்பு டெங்கி கண்டவரா என்பதை இரத்தப் பரிசோதனையால் அறியுமாறு 2018-இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.