பெட்டையை மாற்றாதே, சேவலை மாற்று

நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் நல்ல கோழி எது என்று கேட்டால், வளர்த்துத் தேறியவர்கள் முதலில் கொண்டையைத்தான் காட்டுவார்கள். ஊர் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசி விடியலில் புல்லின்மேல் உறைபனி படியும். அகன்று தொங்கும் ஒற்றைக் கொண்டை வழியே அந்தக் குளிரில் உடம்புச் சூடு போய்க்கொண்டே இருக்கும். தலையோடு ஒட்டிய சின்னக் கொண்டை, வயிற்றடி வரை அடர்ந்த இறகு, மழையில் நனைந்தாலும் ஒரு உதறு உதறிவிட்டு மறுபடி கிளறப் போகிற சுறுசுறுப்பு. இந்த மூன்றும் சேர்ந்த பெட்டையை எந்த லயத்து வாசலில் கண்டாலும் நின்று பார்க்காமல் என்னால் போக முடிவதில்லை.

கழுத்தில் இறகில்லாத கோழிக்கு வெக்கை ஊரில் இருக்கும் மதிப்பு நியாயமானது. அந்தக் குணம் தாய் தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து வந்தால் உடம்பின் இறகில் ஐந்தில் ஒரு பங்கு குறையும்; இருவரிடமிருந்தும் வந்தால் அதைப்போல இரு மடங்கு குறையும். யாழ்ப்பாணத்து வெயிலுக்கு அது வரம். கந்தப்பளைக் குளிருக்கு அதைக் கொண்டுவருவது கோழிக்குச் செய்யும் கொடுமை. ஹட்டன் சற்றுத் தாழ்ந்த இடம். அங்கே பனியைவிடத் தென்மேற்குப் பருவமழைதான் பெரிய சோதனை. அதற்கும் இறகு வேண்டும்.

லயத்து ஊர்க்கோழி கவ்வாத்து மிலாறில் கட்டிய கூட்டில் படுத்து, காலையில் தேயிலைச் செடிகளுக்கு அடியில் புழு பூச்சி கிளறி, கரட் இலையும் கோவாவின் வெளி இலையும் கொத்தி வளர்கிறது. மஞ்சள் கருவுக்கு அடர்ந்த நிறம் வருவது இந்தப் பச்சையிலிருந்துதான். ஓட்டின் நிறத்துக்கும் சத்துக்கும் தொடர்பில்லை. பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடுவதால் ஆண்டு முழுக்கக் கூட்டினாலும் ஐம்பது, அறுபதுதான் தேறும். இதைக் குறையாகச் சொல்பவர்கள் அதன் அடைகாப்பை எண்ணிப் பார்ப்பதில்லை. மின்சாரமோ பொரிப்புப் பெட்டியோ இல்லாமல் 21 நாள் உட்கார்ந்து பொரித்து, பருந்தின் நிழல் விழுந்தால் குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொள்ளும் தாய் அது. முட்டைக்கென்றே பெருக்கிய சாதிகளில் இந்தக் குணம் ஏறக்குறைய அழிக்கப்பட்டுவிட்டது.

ஆகவே கலப்பு என்பது இங்கே பெட்டையை வைத்துக்கொண்டு சேவலை மாற்றும் கலை. எனக்குப் பிடித்தது ரோட் ஐலண்ட் ரெட் சேவல். நீண்ட சதுர உடம்பு, ஆழ்ந்த செம்பழுப்பு, கலங்காத நடை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் லிட்டில் காம்ப்டன் பக்கத்து விவசாயிகள் கிழக்கிலிருந்து கப்பலில் வந்த மலாய்ச் சேவல்களைத் தங்கள் கோழிகளோடு சேர்த்து உருவாக்கிய சாதி இது. ஆசிய ரத்தம் கடல் தாண்டிப் போய், சதையும் முட்டையும் கூட்டிக்கொண்டு ஆசியாவுக்கே திரும்பியிருக்கிறது. கறுப்பு ஆஸ்ட்ரலார்ப்பும் நல்ல சேவல்தான்; 1922-23இல் ஆஸ்திரேலியாவில் அந்தச் சாதியின் ஆறு பெட்டைகள் ஓராண்டில் 1,857 முட்டை இட்டுச் சாதனை படைத்தன. லெகோனை மட்டும் நான் மலைக்குச் சொல்லமாட்டேன். முட்டை நிறைய, ஆனால் சதை இல்லை, அடை இல்லை, கொண்டையோ பெரிது.

கொண்டை பற்றிய கவலைக்கு இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. மூன்று வரியாய்ப் படிந்த பட்டாணிக் கொண்டை ஒற்றைக் கொண்டையை அடக்கும். அந்தக் கொண்டை கலப்பில்லாமல் வந்த பெட்டையோடு ஒற்றைக் கொண்டைச் சேவலைச் சேர்த்தாலும் குஞ்சுகள் தாயின் பக்கமே சாயும். மெண்டலின் விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்று வில்லியம் பேட்சன் 1902இல் காட்டியபோது கையில் எடுத்தது இந்தக் கோழிக் கொண்டைகளைத்தான்.

இன்னொரு நுட்பம் இதைவிட அழகு. உடம்பெல்லாம் குறுக்கு வரி ஓடும் வரிக்கோழிப் பெட்டையோடு வரியில்லாத சேவலைச் சேர்த்தால், தாயின் வரி மகன்களுக்கு மட்டும் போகும், மகள்களுக்குப் போகாது. கறுத்த குஞ்சாக இருந்தால் சேவற்குஞ்சின் உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு தெரியும். எது முட்டைக்கு, எது கறிக்கு என்று பொரித்த அன்றே தெரிந்துவிடும். பத்தடி காம்பிராவும் சின்ன இஸ்தோப்பும்தான் இடம் என்று வாழும் வீட்டுக்கு, எத்தனை வாய்க்குத் தீனி போடலாம் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்ய இது எவ்வளவு பெரிய உதவி!

முதல் தலைமுறைக் கலப்புப் பெட்டை தாயைவிடக் கூடுதலாக இடும், முட்டையும் பெரிது. ஆறாம் மாதத்துச் சேவலின் கறியில் ஊர்க்கோழியின் இறுக்கமும் இருக்கும், கடித்தால் நிறைகிற சதையும் இருக்கும். மிளகு தூக்கலாக வைத்த அந்தக் குழம்புக்கு மழைக்கால இரவில் ஈடு கிடையாது. ரோதைமுனி சாமிக்கு நேர்ந்துவிடுகிற சேவலுக்கு நிறமும் நிமிர்வும் வேண்டும் என்பார்கள்; செந்நிறக் கலப்பில் இரண்டும் கிடைக்கின்றன.

இந்த வீரியம் நிலைக்காது என்பதுதான் பலரும் சறுக்கும் இடம். கலப்புச் சேவலையே கலப்புப் பெட்டையோடு விட்டால் அடுத்த தலைமுறையில் அந்த வீரியத்தில் பாதி போய்விடும், குஞ்சுகள் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் வரும். கலப்புச் சேவல்கள் குழம்புக்கு. கலப்புப் பெட்டைகள் முட்டைக்கு. குஞ்சுக்கு எப்போதும் பழைய ஊர்ப்பெட்டையும் வெளியிலிருந்து வரும் சாதிச் சேவலும். ஒரே சேவல் தன் மகள்களையே மிதித்துக்கொண்டிருக்கும் லயங்களில் பொரிப்பு ஏன் குறைகிறது என்று தனியாக ஆராய வேண்டியதில்லை. பக்கத்து டிவிஷனோடு சேவலை மாற்றிக்கொண்டாலே பாதி நோய் தீரும்.

காட்டுக்கோழிச் சேவல் வந்து கலந்தால் வீரியம் கூடும் என்ற ஆசை சிலரிடம் உண்டு. ஹோர்ட்டன் சமவெளியில் மஞ்சள் பொட்டிட்ட கொண்டையோடு திரியும் அந்தப் பறவை இலங்கையின் தேசியப் பறவை. நாட்டுக்கோழியோடு அதற்குப் பிறக்கும் குஞ்சுகளுக்கு இனப்பெருக்கத் திறன் குறைவு. அது காட்டிலேயே இருக்கட்டும்.

குண்டசாலைக்கு அருகே கரண்டகொல்லவில் அரசின் மத்திய கோழி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. முட்டைக்கும் இறைச்சிக்கும் பொதுவாக, வீட்டு முற்றத்தில் வளர்க்கத் தோதான கலப்பினம் ஒன்றை உருவாக்கிய இடம் அது. சேவல் தேடுபவர்கள் உங்கள் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரியுங்கள். ராணிக்கேத் நோய்க்கான தடுப்பூசியையும் அங்கேயே கேளுங்கள், ஏனென்றால் அந்த நோய் நுழைந்தால் ஒரு வாரத்தில் லயம் முழுக்கக் கூடு காலியாகிவிடும். ஒன்றை மட்டும் வேண்டிக் கேட்கிறேன்: புதுச் சேவல் வாங்கும் காசுக்காக, வீட்டில் அடை காக்கும் ஊர்ப்பெட்டையை விற்றுவிடாதீர்கள்.