பதக்கம் யாரை அளக்கிறது?

ஆண்டுதோறும் குடியரசு நாளுக்கு முந்திய மாலையில் டில்லியிலிருந்து ஒரு பட்டியல் வெளிவருகிறது. மறுநாள் ஏடுகள் அதைப் பெரிய எழுத்தில் பொறிக்கின்றன. பெயர் இடம்பெற்றோர் இல்லங்களில் மாலைகள் குவிகின்றன. இடம்பெறாதோரின் அன்பர்கள் முகம் வாடுகின்றனர். "இவர் தகுதி உடையவர்தாமா?" என்ற கேள்வி தெருமுனையிலும் தேநீர்க் கடையிலும் எழுகிறது. நல்ல கேள்விதான். ஆனால் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: தகுதியை அளந்தவர் யார்? எந்தக் கோலால் அளந்தார்?

வெள்ளையர் ஆட்சியில் ராவ்சாகிப், ராவ்பகதூர், திவான்பகதூர், சர் என்று பட்டங்கள் பல பவனி வந்தன. ஆட்சிக்கு உற்ற துணையாய் நின்றோர்க்கு அவை பரிசாயின. கற்றறிந்தோரும் அவற்றைப் பெற்றதுண்டு. அப்படிப் பெற்ற தாகூர், 1919இல் ஜாலியன்வாலாபாக்கில் குருதி வழிந்தபோது, தம் 'சர்' பட்டத்தைத் துறந்தார். கொடுத்த கையில் கறை படிந்தபின் கொடுத்த பொருளில் ஒளி ஏது என்பதை உலகம் அன்று கண்டது. விடுதலை பெற்ற இந்தியாவின் அரசியல் சட்டமும், இராணுவம், கல்வி சார்ந்த சிறப்புகள் நீங்கலாக அரசு எவருக்கும் பட்டம் வழங்கக் கூடாது என்று 18ஆவது விதியில் தடுத்தது.

ஆயினும் சட்டம் நடைமுறைக்கு வந்த நான்கே ஆண்டுகளில், 1954இல், பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் பிறந்தன. இவை பட்டங்கள் அல்ல. ஆனால் பெயருக்கு முன்னும் பின்னும் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 1995இல் தீர்ப்புரைத்தது. அந்தத் தீர்ப்புக்குப் பின்னும் திரைப்படத் தலைப்புகளிலும் திருமண அழைப்பிதழ்களிலும் பெயருக்கு முன்னே 'பத்மஸ்ரீ' பளபளக்கிறது. ஒட்டக்கூடாத இடத்தில் ஒட்டிக்கொள்ளும் ஆசை, ராவ்பகதூர் காலத்து ஆசையேயன்றி வேறென்ன?

நான் பள்ளி ஆசிரியன். விடைத்தாள் திருத்துவது என் தொழில். மாணவன் தாளை எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பிறகு அதில் ஓர் எழுத்தும் கூடாது, ஓர் எழுத்தும் குறையாது. அதே தாளுக்கு ஓராண்டில் சுழியமும், மற்றோர் ஆண்டில் நூறும் கிடைக்குமானால் மாறியது தாளா? திருத்துபவர்! மறைந்த மாமனிதர்களின் வாழ்வும் அப்படி எழுதி முடிக்கப்பட்ட விடைத்தாள்தான். அவர்களுக்கு டில்லி எப்போது மதிப்பெண் போட்டது என்று பாருங்கள், தோழர்களே!

அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவர் டாக்டர் அம்பேத்கர். மகாத் குளத்து நீரை மனிதர் அனைவர்க்கும் உரிமையாக்க 1927இல் போராடியவர். 1956 டிசம்பரில் மறைந்தார். மறைந்தோர்க்கும் பாரத ரத்னா வழங்கலாம் என்று 1955லேயே விதி திருத்தப்பட்டிருந்தது. எனவே தடை ஏதும் இல்லை. எனினும் அவர் பெயர் பட்டியலில் ஏறியது 1990இல்! முப்பத்துநான்கு ஆண்டுகள்! வல்லபாய் படேல் மறைந்தது 1950. பாரத ரத்னா 1991. அபுல்கலாம் ஆசாத் மறைந்தது 1958. பாரத ரத்னா 1992. இந்த இடைவெளிகளில் அவர்கள் புதிதாகச் சாதித்தது யாது? ஒன்றுமில்லை. டில்லியில் ஆட்சி மாறிற்று; ஆட்சிக்குத் தேவையானவர்களின் கணக்கு மாறிற்று.

தமிழ்நாட்டையும் விட்டுவிடுவதற்கில்லை. எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24இல் மறைந்தார். 1988லேயே பாரத ரத்னா வந்துவிட்டது. 1989 ஜனவரியில் தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல். வாக்குகளைக் கருதியே இந்த விரைவு என்று அன்றே கண்டனக் குரல் எழுந்தது. சத்துணவுத் திட்டத்தால் பசியாறிய பிள்ளைகளை வகுப்பறையில் காண்பவன் நான். அவர் செய்ததைச் சிறுமைப்படுத்த எனக்கு மனமில்லை. ஆனால் அம்பேத்கருக்கு முப்பத்துநான்கு ஆண்டு தாமதித்த அதே கை, இங்கே சில வாரங்களில் எப்படி இயங்கிற்று? இதற்கு விடை சொல்ல வேண்டியவர் எம்.ஜி.ஆர். அல்லர், டில்லி.

இன்னும் அண்மைக்கு வருவோம். ஓராண்டில் மூவருக்கு மேல் பாரத ரத்னா இல்லை என்பது விதி. பொதுத்தேர்தல் நடந்த 2024இல் ஐவருக்கு அறிவிக்கப்பட்டது! அவர்களில் கர்ப்பூரி தாக்கூர் ஒருவர். பீகாரின் முதலமைச்சராக இருந்து 1978இல் பிற்படுத்தப்பட்டோர்க்கு இடஒதுக்கீடு தந்தவர், 1988இல் மறைந்தவர். அவர் தகுதியை ஐயுறுவார் யார்? சரண்சிங் மற்றொருவர், மறைந்தது 1987இல். அவர் பெயர் அறிவிக்கப்பட்ட சில நாள்களிலேயே அவருடைய பேரன் தலைமையேற்ற கட்சி ஆளும் கூட்டணியில் சேர முடிவு செய்தது. தகுதியுள்ள மனிதரையே தேர்ந்தெடுத்தாலும், தேர்ந்தெடுத்த நேரம் அவர் தகுதியின்மேல் நிழலைப் படியவைக்கிறது. இறந்தவருக்குச் செய்த சிறப்பா, இருப்பவரோடு செய்த பேரமா என்று மக்கள் கேட்கும்படி ஆகிறது. இது அந்தப் பெரியவர்களுக்கு நேர்ந்த இழுக்கு.

ஏன் இப்படி நேர்கிறது? பாரத ரத்னாவுக்குப் பெயரைப் பரிந்துரைப்பவர் பிரதமர். குடியரசுத் தலைவருக்கு அவர் சொன்னால் போதும், வேறு முறையான பரிந்துரை எதுவும் வேண்டியதில்லை. பத்ம விருதுக் குழுவையும் ஆண்டுதோறும் அமைப்பவர் பிரதமரே. ஜவகர்லால் நேரு 1955லும் இந்திரா காந்தி 1971லும் பிரதமர்களாக இருக்கும்போதே பாரத ரத்னா பெற்றனர். நேருவின் அறிவையோ இந்திராவின் ஆற்றலையோ மறுப்பது நம் நோக்கமன்று. தேர்வெழுதுபவரே தேர்வறையின் தலைவராகவும் இருக்கலாமா என்பதே கேள்வி.

"அப்படியானால் எல்லாம் பொய்யா?" என்பீர். இல்லை. பாம்புக்கடிக்கு மருந்தாகும் நஞ்செடுக்கப் பாம்பு பிடிக்கும் இருளர் இனத்தவர் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆரஞ்சுப் பழம் விற்ற காசில் தன் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி எழுப்பிய மங்களூர்ப் பக்கத்து ஹரேகள ஹாஜப்பாவின் பெயர் 2020ஆம் ஆண்டுப் பட்டியலில் இருந்தது. தகுதி தேடிப் போனால் கிடைக்கும் என்பதற்கு இவை சான்று. ஆகவேதான் பிற இடங்களில் தேடாததைப் பொறுக்க முடியவில்லை.

ஒழித்துவிடலாம் என்றவர்களும் உண்டு. 1969இல் கிருபளானி அதற்கென மக்களவையில் மசோதா கொணர்ந்தார், அது தோற்றது. 1977இல் மொரார்ஜி தேசாய் ஆட்சி விருதுகளை நிறுத்தியது. 1980இல் இந்திரா மீண்டும் தொடங்கினார். நிறுத்திய அந்த மொரார்ஜிக்கே 1991இல் பாரத ரத்னா வழங்கப்பட்டது! பதக்கத்தின் ஆற்றலுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? மறுத்தவர்களும் உண்டு. வரலாற்றறிஞர் ரொமிலா தாப்பர் பத்மபூஷணை 1992லும் 2005லும் ஏற்க மறுத்தார். தம் துறை சார்ந்த அமைப்புகளும் கல்வி நிறுவனங்களும் தரும் சிறப்பே போதும் என்றார். அறிவை அறிவுடையோர் அளக்கட்டும் என்ற அந்த நிமிர்வு பாராட்டத்தக்கது.

விருதே வேண்டாம் என்பதல்ல என் வாதம். நன்றி கூறத் தெரியாத நாடு நாடாகாது. ஆனால் அந்த நன்றியை ஆளுங்கட்சி கூறக் கூடாது. நாடு கூற வேண்டும். பதவியில் இருப்போர்க்கு விருதில்லை என்ற விதி வேண்டும். பிரதமரின் கைக்கு அப்பாற்பட்ட குழு வேண்டும். ஏன் இவர், ஏன் இப்போது என்பதை அந்தக் குழு எழுதி மக்கள்முன் வைக்க வேண்டும். திருத்திய தாளை மாணவன் கையில் கொடுக்கும் துணிவு பள்ளி ஆசிரியனுக்கு இருக்கிறது; அரசுக்கு ஏன் இருக்கக் கூடாது?

ராமன் ஒளிச்சிதறலைக் கண்டறிந்தது 1928இல். பாரத ரத்னா வந்தது 1954இல். இடையிலிருந்த இருபத்தாறு ஆண்டுகளும் ஒளி சிதறாமலா இருந்தது? இளைஞர்களே, அடுத்த பட்டியல் வரும்போது பெயரோடு நிறுத்திவிடாதீர். ஆண்டைப் பாருங்கள், அளித்த ஆட்சியைப் பாருங்கள், அருகில் தேர்தல் உண்டா என்று பாருங்கள். பிறகு அந்த மனிதர் எழுதியதையும் செய்ததையும் தேடிப் படித்து, மதிப்பெண்ணை நீங்களே போடுங்கள்.