மன்மதனுக்கு இங்கே என்ன வேலை?

இராஜபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். வைஷ்ணவக் குடும்பம். சடங்குகள் முடிந்ததும் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து 'வாரணமாயிரம்' சேவித்தார்கள். திருமாலைக் கைப்பிடிப்பதாக ஆண்டாள் கண்ட கனவு அது. கேட்டுக்கொண்டிருந்த மணப்பெண் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டாள். சபைக்கும் ஒரே மகிழ்ச்சி.

மாலையில் என் தங்கை மகளை அழைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். பக்கத்து ஊர்தான். கனவு கண்டவளின் வீட்டை அன்றைக்கே பார்த்துவிட வேண்டும் என்று பெண்ணுக்கு ஆசை.

192 அடிக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஆண்டாள் கோயிலுக்கு வந்தோம். மண்டபத் தூண்களில் நாயக்கர் காலத்துச் சிற்பங்கள்: வீரபத்திரர், கர்ணன், அர்ச்சுனன், மோகினி, சரஸ்வதி, வேணுகோபாலன். வந்தவர்கள் எல்லாரும் கல்லிலே நகம் செதுக்கியிருக்கும் நயத்தையும் நகை செதுக்கியிருக்கும் நயத்தையும் வியந்தார்களே ஒழிய, இவர்கள் யார், இங்கே ஏன் நிற்கிறார்கள் என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. என் மருமகள்தான் ரதியையும் மன்மதனையும் கண்டதும் நின்றுவிட்டாள்.

"பெருமாள் கோயிலில் மன்மதனுக்கு என்ன வேலை, மாமா?"

காதல் கதைகளாக எழுதித் தள்ளியவன் நான். ஆனால் அந்த இடத்தில் எனக்கு என்னவோ கூச்சம் வந்துவிட்டது. "எல்லாம் சிற்பியின் கற்பனை, அம்மா. வா, நாழியாகிறது" என்று இழுத்துக்கொண்டு போனேன். அவளும் பிறகு கேட்கவில்லை. கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

மன்மதன் கதை எல்லோருக்கும் தெரியும். சிவபெருமானின் தவத்தைக் கலைக்கப் போய், நெற்றிக் கண்ணில் எரிந்து, உடலற்றவனாகி 'அனங்கன்' என்று பெயர் பெற்றான். கண்ணனுக்கும் ருக்மிணிக்கும் பிரத்தியும்னனாக அவனே மறுபடி பிறந்தான் என்கிறது பாகவதம். அப்படியானால் பெருமாள் கோயிலில் அவன் அந்நியன் அல்ல. அந்த வீட்டுப் பிள்ளை!

ஆண்டாளுக்கும் இது தெரியும். நாச்சியார் திருமொழியின் முதல் பத்துப் பாடல்களை அவள் யாரை நோக்கிப் பாடினாள் தெரியுமா? மன்மதனை நோக்கித்தான். தை மாதம் முழுவதும் தரையைத் துப்புரவாக்கிக் கோலமிட்டு, நோன்பிருந்து, 'என்னைத் திருமாலிடம் சேர்த்துவை' என்று வேண்டுகிறாள். மனிதருக்கு என்னைப் பேசினால் உயிர் வாழமாட்டேன் என்று அவள் சொல்வதும் இங்கேதான். தகப்பனை அடைவதற்குப் பிள்ளையிடம் தூது! சாமர்த்தியக்காரி அல்லவா?

இந்தச் சிற்பியும் அதை நினைத்துத்தான் செதுக்கினான் என்று நான் சாதிக்க வரவில்லை. கிருஷ்ணாபுரத்திலும் ரதி மன்மதன் உண்டு; தென்காசியிலும் உண்டு. நாயக்கர் காலத்துச் சிற்பிகளுக்கு இவர்கள் பழகிய உருவங்கள். ஆனால் ஒரு சிலையின் பொருள் உளியோடு முடிந்துவிடுவதில்லை. அது யார் வீட்டில் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தென்காசியில் மன்மதன் நிற்பது, தன்னை எரித்தவரின் வீட்டில். அங்கே அவனைப் பார்த்தால் தோற்றவனின் நினைவு வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலோ, ஒரு பெண் தன் நெஞ்சைத் திறந்து காட்டிய தெய்வமாக நிற்கிறான். உருவம் ஒன்றுதான், கதை வேறு.

நாம் என்ன செய்திருக்கிறோம்? திருப்பாவை முப்பதையும் மார்கழி தவறாமல் பாடுகிறோம். நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களில் கல்யாணக் கனவை மட்டும் எடுத்துப் பந்தலுக்குக் கொண்டுவந்துவிட்டோம். அந்தக் கனவுக்கு முன்னால் இருந்த நோன்பு, ஏக்கம், பிடிவாதம் எல்லாம் நமக்குச் சங்கடமாக இருக்கிறது. கனவு வேண்டும், கனவு கண்டவளின் தாபம் வேண்டாம். கேட்டால் சிற்பியின் தலையில் பழியைப் போட்டுவிடுகிறோம். நான் அன்று செய்ததும் அதுதான்.

சந்நிதியில் ஆண்டாளின் இடக்கையில் ஒரு கிளி இருக்கிறது. மாதுளம்பூவும் இலைகளும் கொண்டு தினந்தோறும் புதிதாகக் கட்டும் கிளி. மன்மதனுக்கும் கிளிதான் வாகனம். இரண்டுக்கும் உறவு கற்பிக்கிற துணிச்சல் எனக்கு இல்லை. ஆனால் தூணைப் பார்த்துவிட்டு உள்ளே போகிறவன், அந்தக் கிளியை வெறும் அலங்காரம் என்று நினைக்க மாட்டான்.

மருமகளுக்கு நேற்று ஒரு கடிதம் எழுதினேன். மன்மதன் அந்த வீட்டுப் பிள்ளை என்றும், ஆண்டாள் அவனிடம் என்ன கேட்டாள் என்றும் எழுதி, அன்று சொன்னது பொய் என்றும் ஒப்புக்கொண்டிருக்கிறேன். அடுத்த தடவை அவளே என்னை அழைத்துப் போகட்டும். எத்தனை நாழியானாலும் அந்தத் தூணருகே நிற்கத் தயார்.